ஒன்றே முக்கால் லட்சம்... அரிசி மூட்டையை எங்கே வைப்பது?

பெரிய ஸ்கூட்டர்கள் கேட்கும் விலைக்குத் தகுமா? ஸ்ரீராம்புரத்துச் சந்திலிருந்து ஒரு கணக்கு

சனிக்கிழமை சாயங்காலம். எங்கள் சந்து முனையில் புது ஹார்ன் சத்தம் கேட்டு ஆளாளுக்கு வாசலுக்கு வந்தோம். எதிர்வீட்டுப் பையன் புது வண்டியோடு நிற்கிறான். 155 சிசி பெரிய ஸ்கூட்டர். மூக்கில் சந்தனம், கைப்பிடியில் சாமந்தி மாலை. அவன் அம்மா சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்கிறார். அது 'சளக்' என்று நசுங்கியதும் பிள்ளைகள் கை தட்டுகிறார்கள்.

"எவ்ளோப்பா ஆச்சு?" என்றார் மாடி வீட்டு அண்ணன்.

"ஆன்-ரோடு ஒன்னே முக்கால் ஆச்சுண்ணா."

"நல்லாருக்கு" என்று அவர் சீட்டைத் தட்டிப் பார்த்தார். திண்ணையில் உட்கார்ந்திருந்த பாட்டி மட்டும் வண்டியின் நடுவில், கால் வைக்கும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே தட்டையான பலகை இல்லை. மேடாக எழும்பிய ஒரு முதுகு இருந்தது.

"வண்டி லட்சணமா இருக்கு ராஜா. அரிசி மூட்டைய எங்க வைப்ப?"

பையன் சிரித்துக்கொண்டே தலையைச் சொறிந்தான். நானும் அன்றைக்குச் சிரித்தவன்தான். பிறகு ஒரு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு விலை, வரி, காப்பீடு, பெட்ரோல் என்று வரிசையாகக் கூட்டிப் பார்த்தேன். பாட்டி கேட்டது எவ்வளவு சரியான கேள்வி என்று அப்போதுதான் புரிந்தது.

சந்துக்குள் ஒரு ஸ்கூட்டரின் வேலை

ஸ்ரீராம்புரத்தைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பெங்களூரில் மல்லேஸ்வரத்துக்கும் ராஜாஜிநகருக்கும் ஓகளிபுரத்துக்கும் நடுவே, வீட்டோடு வீடு ஒட்டி நிற்கும் பேட்டை இது. சுற்றியிருந்த பஞ்சாலைகளை நம்பி வந்த தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக இங்கே வாழ்கின்றன. அந்த ஆலைகளில் ஒன்றான ராஜா மில் இருந்த இடத்தில்தான் இன்று மந்திரி ஸ்கொயர் மால் நிற்கிறது. ஆலைச் சங்கு நின்றுபோனது. ஆனால் அந்தக் காலத்துச் சந்துகளின் அகலம் மாறவில்லை. கீழே ஒரு குடும்பம், மேலே இரண்டு குடும்பம், வாசலில் நான்கு வண்டி. ஒரு வண்டியை எடுக்க இரண்டு வண்டியை நகர்த்த வேண்டும்.

இங்கே ஸ்கூட்டருக்கு ஓயாத வேலை. காலையில் இரண்டு பிள்ளைகளைப் பள்ளியில் விடும். பிறகு ஒருவரை வேலைக்குக் கொண்டுபோகும். சாயங்காலம் மல்லேஸ்வரம் மார்க்கெட்டிலிருந்து காய்கறிப் பையைத் தூக்கி வரும். காவிரித் தண்ணீர் வராத நாளில் 20 லிட்டர் கேன் அதன் காலடியில்தான் ஏறும். மாதத்துக்கு ஒருமுறை 25 கிலோ அரிசி மூட்டை. ஞாயிற்றுக்கிழமை சேலை கட்டிய அம்மாவைக் கோயிலுக்குக் கூட்டிப்போகும். இந்த வேலைகளையெல்லாம் வைத்துத்தான் ஒரு ஸ்கூட்டரின் விலையை எடை போட வேண்டும். ஷோரூம் விளக்கு வெளிச்சத்தில் எல்லா வண்டியும் அழகுதான்.

'ப்ரீமியம்' என்ற சொல்லின் இரண்டு பிறவி

இந்தச் சொல் ஸ்கூட்டரோடு சேர்ந்து வருவது நம் நாட்டில் இது முதல் முறை அல்ல. பஜாஜ் சேத்தக் 1972-இல் வந்தது. பணம் கட்டிப் பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பத்தாண்டு காத்திருந்தவர்களும் உண்டு. காத்திருக்க முடியாதவர்கள், வண்டி ஒதுக்கீடு ஆனவரிடம் ஷோரூம் விலைக்கு மேல் பணம் கொடுத்து வாங்கினார்கள். அப்படி மேலே கொடுத்த பணத்துக்குத்தான் அன்று 'ப்ரீமியம்' என்று பெயர். வண்டி அதே வண்டிதான். காத்திருக்காமல் வாங்கியதற்கான கூலி அது.

இன்று காத்திருப்பு இல்லை. அதனால் அந்தச் சொல் வேறு பிறவி எடுத்திருக்கிறது. பெரிய உடம்பு, அகலமான டயர், தண்ணீரால் குளிரும் எஞ்சின், செல்போனோடு பேசும் திரை ஆகியவற்றுக்காகக் கூடுதலாகக் கொடுப்பதே இன்றைய ப்ரீமியம்.

இதை நம் ஊரில் முதலில் முயன்றவர்கள் கைனெட்டிக் நிறுவனத்தார். இத்தாலியின் இட்டல்ஜெட் வடிவமைப்புகளை வாங்கி, 2006-இல் 165 சிசி 'பிளேஸ்' ஸ்கூட்டரைக் கொண்டுவந்தார்கள். அன்றைய சந்தைக்கு அது ரொம்ப முன்னால் வந்துவிட்டது. 2008-இல் கைனெட்டிக்கின் இருசக்கர வாகனத் தொழிலையே மஹிந்திரா வாங்கிக்கொண்டது. பிளேஸ் வந்து பத்தாண்டு கழித்துக் கதவு மறுபடி திறந்தது. 2016-இல் ஏப்ரிலியா எஸ்ஆர் 150, 2018-இல் சுசுகி பர்க்மேன் ஸ்ட்ரீட், 2020 டிசம்பரில் ஏப்ரிலியா எஸ்எக்ஸ்ஆர் 160, 2021 செப்டம்பரில் யமஹா ஏரோக்ஸ் 155, 2025-இல் ஹீரோ ஜூம் 160, டிவிஎஸ் என்டார்க் 150 என்று வரிசை நீண்டுவிட்டது. இப்போது பெரிய ஸ்கூட்டர் நம் தெருவுக்கே வந்துவிட்டது.

ஒரு நாளைக்கு 60 ரூபாய்

ஏரோக்ஸையே எடுத்துக்கொள்வோம். 2021-இல் அது அறிமுகமானபோது டெல்லி ஷோரூம் விலை 1.29 லட்சம். அதே நேரத்தில் ஹோண்டா ஆக்டிவா ஏறக்குறைய 70,000 ரூபாய். வித்தியாசம் 59,000. பலரும் இதோடு கணக்கை நிறுத்திவிடுகிறார்கள். வித்தியாசம் இதற்குப் பிறகும் வளர்கிறது.

கர்நாடகத்தில் வாழ்நாள் சாலை வரி, வண்டியின் விலையைப் பொறுத்துப் படிப்படியாக ஏறும். 50,000 ரூபாய்க்கு மேல் 12 சதவீதம். ஒரு லட்சத்தைத் தாண்டினால் 18 சதவீதம். அப்படியானால் ஆக்டிவாவுக்கு 8,400 ரூபாய், ஏரோக்ஸுக்கு 23,220 ரூபாய். வரியில் மட்டும் 14,820 ரூபாய் கூடுகிறது.

அடுத்தது காப்பீடு. புது வண்டிக்கு ஐந்தாண்டு மூன்றாம் நபர் காப்பீட்டை மொத்தமாகக் கட்ட வேண்டும். 2022 ஜூனில் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி, 75 முதல் 150 சிசி வரை 3,851 ரூபாய். 150 சிசியைத் தாண்டினால் 7,365 ரூபாய். இதற்கு மேல் ஜிஎஸ்டி தனி. ஐந்து சிசி கூடியதற்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு! என்டார்க் 150-இன் எஞ்சின் 149.7 சிசி என்பதால் அது கோட்டுக்கு இந்தப் பக்கமே நின்றுகொள்கிறது. 155, 156, 160 எல்லாம் அந்தப் பக்கம் போய்விடுகின்றன. ஷோரூமில் இதை நாமாகக் கேட்டால்தான் சொல்வார்கள்.

பிறகு பெட்ரோல். நாளைக்கு 20 கிலோமீட்டர், ஆண்டுக்கு 300 நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிறிய வண்டி லிட்டருக்கு 50, பெரிய வண்டி 40 கொடுத்தால் ஆண்டுக்கு 30 லிட்டர் கூடுதல். பெங்களூரில் பெட்ரோல் நூறு ரூபாயைத் தாண்டிவிட்டது. ஐந்தாண்டில் 15,000 ரூபாய்.

எல்லாவற்றையும் கூட்டினால் 92,000 ரூபாய்க்கு மேல் வருகிறது. விற்கும்போது பெரிய வண்டிக்குக் கொஞ்சம் கூடக் கிடைக்கும். ஆனால் பெல்ட், டயர், கூலன்ட், உதிரிபாகம் என்று பராமரிப்பும் கூடுதலாகத்தான் ஆகும். ஆக, 1,500 நாள் ஓட்டத்துக்குப் பிரித்தால் ஒரு நாளைக்குச் சுமார் 60 ரூபாய். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையான வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது நல்ல செய்திதான். ஆனால் அது சிறிய வண்டிக்கும் சேர்த்தே குறைந்தது. இடைவெளி சற்றுச் சுருங்கியது, மறைந்துவிடவில்லை.

இனி கேள்வியை நேராகக் கேட்கலாம். நாளொன்றுக்கு 60 ரூபாய் கூடக் கொடுத்தால் அந்த வண்டி நமக்கு என்ன தருகிறது?

முதல் லாபம்: சக்கரம்

நியாயமாகச் சொல்ல வேண்டும். மறுக்க முடியாத லாபம் ஒன்று உண்டு. அது சக்கரத்தில் இருக்கிறது.

ஆக்டிவாவின் பின்சக்கரம் 10 அங்குலம். டயரோடு சேர்த்து அளந்தால் குறுக்களவு சுமார் 43 சென்டிமீட்டர். ஏரோக்ஸின் பின்சக்கரம் 14 அங்குலம். டயரோடு சுமார் 55 சென்டிமீட்டர். சின்னச் சக்கரம் பள்ளத்துக்குள் இறங்கி, அதன் விளிம்பில் மோதி ஏறும். பெரிய சக்கரம் அதே பள்ளத்தின் மேலேயே உருண்டு கடந்துவிடும். மழை பெய்து ஓய்ந்த மறுநாள் ஓகளிபுரம் பக்கமோ ராஜாஜிநகர் உள்சாலைகளிலோ வண்டி ஓட்டியவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. முதுகுத்தண்டுக்கே தெரியும்.

பெங்களூரின் ஹம்புகளை எண்ணிப் பாருங்கள். அளவும் இல்லை, வெள்ளைக் கோடும் இல்லை. இரவில் திடீரென்று வரும். அகல டயர் அப்போது வண்டியை நிலைகுலையாமல் பிடித்துக்கொள்கிறது. தினமும் பீன்யா தொழிற்பேட்டைக்கோ அதற்கும் அப்பாலோ போய் வருகிற ஐம்பது வயதுக்காரருக்கு இது ஆடம்பரம் ஆகாது.

உயரமான ஆட்களுக்கும் ஒரு லாபம் உண்டு. சாதாரண ஸ்கூட்டரில் முழங்கால் கைப்பிடியில் இடிக்கும். பெரிய ஸ்கூட்டரில் கால் நீட்ட இடமிருக்கிறது.

இரண்டாவது: டிக்கி

ஏரோக்ஸின் சீட்டுக்கு அடியில் 24.5 லிட்டர் இடம். முழு ஹெல்மெட் ஒன்று உள்ளே போகும். மகிழ்ச்சி. ஆனால் சீட்டுக்கு அடியில் அந்த இடத்தைக் கொடுப்பதற்காகப் பெட்ரோல் டேங்கைக் காலடிக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். அதுதான் பாட்டி பார்த்த அந்த முதுகு. டேங்கின் கொள்ளளவும் 5.5 லிட்டர்தான்.

இங்கே ஸ்கூட்டரின் பிறப்பை நினைத்துப் பார்க்க வேண்டும். 1946-இல் இத்தாலியின் பியாஜியோ நிறுவனத்துக்காக வெஸ்பாவை வடிவமைத்த கொராதீனோ தஸ்கானியோ விமானப் பொறியாளர். மோட்டார் சைக்கிள் அவருக்குப் பிடிக்காது. காலைத் தூக்கிப் போட்டு ஏற வேண்டும், உடுப்பில் எண்ணெய் படும், நடுவில் டேங்க் இடைஞ்சல். இந்தக் குறைகளையெல்லாம் நீக்கித்தான் அவர் முன்பக்கம் வெறுமையாகத் திறந்திருக்கும் வண்டியை உருவாக்கினார். பாவாடை கட்டியவரும் பாதிரியாரும் சிரமமில்லாமல் உட்காரலாம்.

நம் ஊருக்கு வந்தபோது அந்தத் திறந்த இடம் சேலைக்கு வசதியானது, பள்ளிப் பைக்கு இடமானது, அரிசி மூட்டைக்குத் திண்ணையானது. 1984-இல் கைனெட்டிக் ஹோண்டா கியரையும் எடுத்துவிட்ட பிறகு பெண்கள் தாமாக வண்டி ஓட்டிப் போவது இன்னும் எளிதானது. நடுவில் டேங்கை எழுப்பிய, 'மேக்ஸி' எனப்படும் இந்தப் பெரிய ஸ்கூட்டர், விலையை ஏற்றிவிட்டு, ஸ்கூட்டரின் ஆதார வசதியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. சேலை கட்டிய அம்மா அதை ஓட்டுவது கஷ்டம். வீட்டில் ஒரே ஒரு வண்டி இருக்கும் குடும்பத்தில், அது ஒருவருக்கு மட்டுமே ஆன வண்டியாகிவிடுகிறது. என் கணக்கில் இது பணத்தைவிடப் பெரிய நஷ்டம்.

சுசுகி பர்க்மேன் ஸ்ட்ரீட் இந்தத் தவறைச் செய்யவில்லை. உடம்பு பெரியது, எஞ்சின் 125 சிசி, காலடி தட்டை. ஆனால் முதலில் வந்த பர்க்மேனின் பின்சக்கரம் 10 அங்குலம். 2022 டிசம்பரில் வந்த 'இஎக்ஸ்' மாடலில்தான் 12 அங்குலம் கிடைத்தது.

மூன்றாவது: வேகம்

ஏரோக்ஸின் 15 பிஎஸ் ஆற்றல் முழுதாக வெளிப்படுவது எஞ்சின் நிமிடத்துக்கு 8,000 முறை சுழலும்போது. என்டார்க் 150 மணிக்கு 104 கிலோமீட்டர் போகும் என்கிறது டிவிஎஸ். ஓட்டிப் பார்த்தால் உண்மையிலேயே சுகம். மேம்பாலத்தில் லாரியைத் தாண்டும்போது அந்தச் சக்தி தைரியம் தருகிறது.

ஆனால் எந்தச் சாலையில்? 2022-இல் டாம்டாம் நிறுவனம் உலக நகரங்களின் போக்குவரத்து வேகத்தை அளந்தபோது, பெங்களூரின் மையப் பகுதியில் 10 கிலோமீட்டர் போக சராசரியாக 29 நிமிடம் 10 விநாடி ஆனது. அந்த ஆண்டுக் கணக்கில் லண்டனுக்கு அடுத்து மிக மெதுவான நகர மையம் நம்முடையதாகத்தான் இருந்தது. கணக்குப் போட்டால் மணிக்கு 20 கிலோமீட்டர் சொச்சம். ஸ்வஸ்திக் சர்க்கிளில் சிவப்பு விளக்குக்கு நிற்கும்போது 8 பிஎஸ் வண்டியும் 15 பிஎஸ் வண்டியும் பக்கத்தில் பக்கத்தில்தான் நிற்கின்றன.

நெடுஞ்சாலைக்கு உதவுமே என்று சொல்வார்கள். பெங்களூர்–மைசூர் அதிவேக நெடுஞ்சாலையின் பிரதான பாதையில் 2023 ஆகஸ்ட் 1 முதல் இருசக்கர வாகனங்களுக்கு அனுமதி இல்லை. 100 சிசி ஆனாலும் 700 சிசி ஆனாலும் பக்கச் சாலைதான்.

இத்தாலியில் நிலைமை வேறு. அங்கே 2024 டிசம்பர் வரை 150 சிசிக்குக் குறைந்த பெட்ரோல் வண்டி நெடுஞ்சாலையில் ஏறவே கூடாது என்று சட்டம் இருந்தது. தினமும் நகரத்துக்கு வெளியிலிருந்து வேலைக்கு வருகிறவருக்குப் பெரிய ஸ்கூட்டர் தேவைப் பொருளானது. 1990-களின் கடைசியில் சுசுகி பர்க்மேன் 400-உம், 2001-இல் யமஹா டிமேக்ஸும் ஐரோப்பாவில் வேர்பிடித்ததற்கு அந்தச் சாலைகளும் அந்தச் சட்டமும் காரணம். மேக்ஸி ஸ்கூட்டரின் தோற்றத்தை நாம் இறக்குமதி செய்துகொண்டோம். அதற்கு வேலை கொடுக்கும் சாலை நம்மிடம் இல்லை.

பத்து லட்சத்து ஸ்கூட்டர்

இதற்கு மேல் ஒரு மாடி இருக்கிறது. 2021 அக்டோபரில் பிஎம்டபிள்யூ சி 400 ஜிடி இந்தியாவுக்கு வந்தபோது விலை 9.95 லட்சம். 350 சிசி, 34 குதிரைத்திறன், எடை 214 கிலோ. அருமையான வண்டி, சந்தேகமில்லை. பெயர் ஜெர்மன், தயாரிப்பது சீனாவின் லான்சின் நிறுவனம். முழு வண்டியாக இறக்குமதி ஆகும் மோட்டார் சைக்கிளுக்கு அப்போது சுங்க வரியே 50 சதவீதம். 2025 பட்ஜெட்டில்தான் 1,600 சிசி வரை 40 சதவீதமாகக் குறைந்தது.

அந்த 9.95 லட்சத்துக்குக் கர்நாடகத்தின் 18 சதவீத சாலை வரி மட்டும் 1,79,100 ரூபாய். அந்த ஆண்டு அறிமுகமான ஏரோக்ஸின் முழு ஷோரூம் விலையைவிட அதிகம்! விலையின் பெரும் பகுதி இரும்புக்கோ ரப்பருக்கோ போகவில்லை, எல்லையைத் தாண்டியதற்கும் வரிசையாக வரி கட்டியதற்கும் போகிறது.

வெஸ்பா 946 எம்போரியோ அர்மானி 2016-இல் 12.04 லட்சத்துக்கு வந்தது. எஞ்சின் 125 சிசிதான். ஹோண்டா எக்ஸ்-ஏடிவி 2025-இல் 11.90 லட்சம். 745 சிசி என்பதால் 350 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கான 40 சதவீத ஜிஎஸ்டி இப்போது அதற்குப் பொருந்தும்.

இவற்றை வாங்குகிறவர் பணத்தைத் தன் விருப்பத்துக்குச் செலவிடுகிறார். அதை யாரும் குறை சொல்ல வேண்டாம். ஆனால் 'காசுக்குத் தகுமா' என்ற கேள்விக்கு இந்த மாடியில் ஒரே பதில்தான்: தகாது. 214 கிலோ வண்டியை எங்கள் சந்தில் தனியாளாகத் திருப்பவே முடியாது.

மின்சாரம் சொன்ன இன்னொரு வழி

பெங்களூருக்கு இந்த விஷயத்தில் ஒரு தனிப் பெருமை உண்டு. ஐஐடி மெட்ராஸில் படித்த இரண்டு இளைஞர்கள் 2013-இல் தொடங்கிய ஏத்தர் நிறுவனம், 2018 ஜூனில் தன் முதல் ஸ்கூட்டர்களை இந்த ஊரில்தான் கொண்டுவந்தது. ஏத்தர் 450-இன் விலை 1,24,750 ரூபாய். ஸ்கூட்டருக்கா இவ்வளவு என்று ஊரே கேட்டது. ஆனால் அந்த விலை வேறு மாதிரி திரும்பி வந்தது. 2016-லேயே கர்நாடகம் மின் வாகனங்களுக்குச் சாலை வரி விலக்கு அளித்திருந்தது. 2019 ஆகஸ்டில் ஜிஎஸ்டியும் 5 சதவீதமாகக் குறைந்தது. பெட்ரோல் பங்க் பக்கம் போக வேண்டாம்.

2024 ஏப்ரலில் வந்த ஏத்தர் ரிஸ்டா இன்னும் ஒரு படி மேலே போனது. தட்டையான காலடி, அகலமான சீட்டு. சீட்டுக்கு அடியில் 34 லிட்டர், தேவையானால் முன்பக்கம் 22 லிட்டர் பை. விலை 1.10 லட்சத்தில் தொடங்கியது. குடும்பத்துக்கு ஆன பெரிய ஸ்கூட்டர் என்றால் என்ன என்று பாட்டியின் கேள்விக்கு நேராகப் பதில் சொன்ன வண்டி இது. ஏத்தர் வண்டிகள் உருவாவது நமக்குப் பக்கத்தில் ஓசூரில். டிவிஎஸ்ஸின் மின் ஸ்கூட்டர் ஐக்யூப்பும் ஓசூர்தான். ஓலாவின் மின் ஸ்கூட்டர் ஆலை கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளி. இந்த ஸ்கூட்டர்களில் தமிழ்நாட்டுப் பெண்களின் கைவேலை இருக்கிறது.

ஆனாலும் ஸ்ரீராம்புரத்தில் மின் வண்டிக்கு ஒரு முட்டுக்கட்டை. சார்ஜ் எங்கே போடுவது? இரண்டாம் மாடியில் வாடகைக்கு இருப்பவர் சந்து வரைக்கும் ஒயரை இறக்க வேண்டும். வீட்டுக்காரர் சம்மதிக்க வேண்டும், மின் மீட்டர் தனியாக இருக்க வேண்டும். 2023 ஜூனில் மத்திய அரசு மானியத்தை வெட்டியபோது விலையும் ஏறியது. வீட்டில் தரைத்தளமும் தனி பிளக்கும் இருந்தால், இன்றைக்கு அதிக விலை கொடுத்து வாங்கத் தகுதியான ஸ்கூட்டர் மின்சார ஸ்கூட்டர்தான். அந்த வசதி இல்லாதவருக்கு எவ்வளவு நல்ல வண்டியானாலும் தலைவலி.

உண்மையில் எதற்குப் பணம் கொடுக்கிறோம்?

கணக்கையெல்லாம் போட்டு முடித்த பிறகு ஒரு விஷயம் மனதை உறுத்தியது.

125 சிசிக்கு மேற்பட்ட இருசக்கர வாகனங்களுக்கு ஏபிஎஸ் பிரேக் கட்டாயம். புதிய மாடல்களுக்கு 2018 ஏப்ரலிலும் மற்ற எல்லாவற்றுக்கும் 2019 ஏப்ரலிலும் இது நடைமுறைக்கு வந்தது. 125 சிசியும் அதற்குக் கீழும் உள்ள வண்டிகளுக்கு, முன்பின் பிரேக்குகளை இணைக்கும் சிபிஎஸ் போதும் என்றது விதி. ஈரச் சாலையில் சட்டென்று பிரேக்கை அழுத்தும்போது சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் காப்பது ஏபிஎஸ். அது பெரிய ஸ்கூட்டரில் உண்டு. அப்பா பிள்ளைகளை ஏற்றிப்போகும் சாதாரண ஸ்கூட்டரில் இல்லை. பெரிய சக்கரமும் அதே மாதிரிதான்.

2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் 44.5 சதவீதம், அதாவது ஏறக்குறைய 75,000 பேர், இருசக்கர வாகனத்தில் போனவர்கள். விபத்து விலை பார்த்து வருவதில்லை. உயிரைக் காக்கும் பாகத்தை 'ப்ரீமியம்' என்று பெயரிட்டு, வசதி உள்ளவருக்கு மட்டும் விற்பது எனக்கு ஒப்பவில்லை. செல்போன் இணைப்பும் மினுக்கும் விளக்கும் ப்ரீமியமாக இருக்கட்டும். பிரேக்கும் சக்கரமும் எல்லாருக்கும் வர வேண்டும். எல்லாப் புதிய இருசக்கர வாகனங்களுக்கும் ஏபிஎஸ் வேண்டும் என்று 2025 ஜூனில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் ஒரு வரைவு அறிவிப்பை வெளியிட்டது. விலை ஏறும் என்று தயாரிப்பாளர்கள் தயங்கலாம். நோட்டில் கணக்குப் போட்டுப் பார்க்கும் நடுத்தரக் குடும்பம் இதற்காகச் சில ஆயிரம் கூடக் கொடுக்கும் என்று நான் நம்புகிறேன்.

அதேபோல, ஒன்றேகால் லட்சத்துக்கு மேல் விலை வைத்துவிட்டு, பின்சக்கரத்துக்குப் பழைய டிரம் பிரேக்கே போதும், ஏபிஎஸ் முன்சக்கரத்துக்கு மட்டும் என்று நிறுத்திக்கொள்வதும் சரியல்ல. பெரிய விலை கேட்பவர்கள் அங்கேதான் முதலில் செலவழித்திருக்க வேண்டும்.

யார் வாங்கலாம்?

தினமும் 30 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டுகிறீர்கள், வெளிவட்டச் சாலையோ தும்கூர் சாலையோ உங்கள் வழி, முதுகுவலி உண்டு, ஆள் உயரம், வீட்டில் சாமான் தூக்க இன்னொரு வண்டியும் இருக்கிறது. அப்படியென்றால் 150–160 சிசி பெரிய ஸ்கூட்டர் வாங்குங்கள். அந்த 60 ரூபாய் வீணாகாது.

குடும்பத்துக்கு ஒரே வண்டி, ஓட்டம் பத்துப் பதினைந்து கிலோமீட்டர், மனைவியும் அம்மாவும் ஓட்டுவார்கள் என்றால் வேண்டாம். தட்டையான காலடியும் 12 அங்குலச் சக்கரமும் உள்ள 125 சிசி போதும். மிச்சமாகும் பணத்தில் வீட்டில் வண்டி ஏறும் ஒவ்வொருவருக்கும் ஐஎஸ்ஐ முத்திரையுள்ள நல்ல ஹெல்மெட் வாங்குங்கள்.

தினமும் வேலைக்குப் போவது மட்டும்தான் உங்கள் தேவையென்றால், ஸ்ரீராம்புரம் மெட்ரோ நிலையத்தையும் கணக்கில் சேருங்கள். 2014 மார்ச் 1 முதல் அங்கிருந்து பீன்யாவுக்கு ரயில் ஓடுகிறது.

தவணையில் வாங்குகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கையெழுத்துப் போடுவதற்கு முன், உங்கள் வண்டி ஒரு வாரத்தில் செய்யும் வேலைகளை ஒரு தாளில் எழுதுங்கள். பக்கத்தில் அந்த வண்டியின் ஆன்-ரோடு விலையை எழுதுங்கள். முடிந்தால் வீட்டுப் பெரியவரைக் கூட்டிப்போய் அதில் உட்கார வைத்துப் பாருங்கள். அவர் கேட்கும் முதல் கேள்விக்கு உங்களிடம் பதில் இருந்தால் தயங்காமல் வாங்குங்கள்.

எங்கள் சந்தில் அந்தப் புது வண்டி நன்றாகத்தான் ஓடுகிறது. பையன் தினமும் துடைத்து வைக்கிறான். அரிசி மூட்டை மட்டும் இன்னும் அவன் அப்பாவின் பழைய ஸ்கூட்டரில்தான் வீட்டுக்கு வருகிறது.